பிரமிடுக்கு ஒரு நாள்: பயணத் திட்டம் என்கிற பிரதியை முன்வைத்து

மெக்ஸிகோ நகரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போகவிருக்கிற தோழர் ஒருவர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். நாலு நாள் கூட்டம், ஐந்தாம் நாள் ஓய்வு, ஆறாம் நாள் விமானம். அந்த ஒரு நாளில் தெயோதிவாகான் பிரமிடுகளைப் பாத்துட்டு வந்துடணும், எத்தனை மணிக்குக் கிளம்பறது, எந்த பஸ், எங்க சாப்பிடறது, 'நீங்க ரெண்டு தடவை போயிருக்கீங்க, ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க' என்றார். அரைப் பக்கத்தில் முடிகிற காரியம் என்றுதான் உட்கார்ந்தேன். 'காலை 7 மணிக்கு பஸ், 8 மணிக்கு வாசல்' என்று எழுதியதுமே பேனா நின்றுவிட்டது. எந்த வாசல்? அந்த இடத்துக்கு ஐந்து வாசல்கள். தெற்கு வாசலில் நுழைகிறவர் முதலில் எதிர்கொள்வது, இருநூறுக்கும் மேற்பட்ட மனிதர்களைப் பலியிட்டு அடியில் புதைத்த ஒரு கோயிலை. கிழக்கு வாசலில் நுழைகிறவருக்குச் சூரியப் பிரமிடின் முதுகு. வேலிக்குள் நுழையாமல் வெளியே மேற்கே நடந்து போகிறவருக்கோ, சாதாரண ஜனங்கள் குடியிருந்த வீடுகள். மூவரும் சாயங்காலம் ஊர் திரும்பி 'தெயோதிவாகான் பார்த்தேன்' என்றுதான் சொல்வார்கள். மூவரும் பார்த்தது ஒன்றல்ல.

ஒரு நாள் திட்டம் போடுவதே ஒரு வாசிப்புதான் என்று எனக்குப் படுகிறது. எதை முதலில் வைப்பது, எதற்கு எத்தனை நிமிஷம் ஒதுக்குவது, எதை 'நேரமிருந்தால்' என்ற கடைசி வரிக்குத் தள்ளுவது என்று தீர்மானிக்கும்போதே அந்த இடிபாட்டுக்கு ஒரு கதையாடலை நாம் எழுதி முடித்துவிடுகிறோம். போய்ப் பார்ப்பது அப்புறம் அதைச் சரிபார்க்கிற வேலை, அவ்வளவுதான். அதனால் தோழர் கேட்ட அரைப் பக்கம் இப்படி நீண்டுவிட்டது. மன்னிக்கணும்.

முதல் தடவை, 2023 நவம்பரில், நான் போனது வேனில். தங்கியிருந்த விடுதி வாசலில் ஒரு அட்டை தொங்கியது: ஒரே நாளில் நாலு இடம். திலதெலோல்கோ, குவாதலூப்பே மாதா கோயில், 'அப்ஸிடியன் பட்டறை', பிரமிடுகள். மதியச் சாப்பாடு உட்பட. அன்று மாலை கணக்குப் போட்டுப் பார்த்தேன். திலதெலோல்கோவில் 20 நிமிஷம், மாதா கோயிலில் 50, பட்டறையில் (அப்ஸிடியன் என்பது எரிமலைக் குழம்பு உறைந்து உண்டாகும் கண்ணாடிக்கல், பட்டறை என்பது பெயருக்கு, உள்ளே கடை) ஒரு மணி நேரம், சாப்பாட்டில் ஒன்றேகால் மணி, பிரமிடுகள் இருக்கிற இடத்தில் ஒன்றரை மணி. கடையில் யார் என்ன வாங்கினாலும் அழைத்து வந்தவருக்கு அதில் பங்கு உண்டு என்பதை வேனிலிருந்த எல்லோரும் புரிந்துகொண்டோம். அது அவர் பிழைப்பு. எனக்கு வருத்தம் அதில் இல்லை.

வருத்தம் அந்த 20 நிமிஷத்தில். திலதெலோல்கோவில் ஒரு சதுக்கம் இருக்கிறது. அஸ்டெக் காலத்துப் பிரமிடின் அடித்தளங்கள், அந்தக் கற்களைக் கொண்டே ஸ்பானியர் எழுப்பிய தேவாலயம், சுற்றிலும் இருபதாம் நூற்றாண்டு அடுக்குமாடிகள். 'மூன்று பண்பாடுகளின் சதுக்கம்' என்று பெயர். எனக்கு வாய்த்த வழிகாட்டி மூன்று பண்பாடுகளையும் விரலால் சுட்டிக் காட்டிவிட்டு வேனுக்குக் கூப்பிட்டார். 1968 அக்டோபர் 2 மாலை, ஒலிம்பிக்ஸ் தொடங்கப் பத்தே நாள் இருக்கையில், அதே சதுக்கத்தில் கூடிய மாணவர்களையும் அந்த அடுக்குமாடிகளில் குடியிருந்தவர்களையும் ராணுவம் சுட்டது. எத்தனை பேர் செத்தார்கள் என்பது இன்றைக்கும் தகராறில் இருக்கிற எண்ணிக்கை. நினைவுக் கல் ஒன்று அங்கேயே நிற்கிறது. 'அது என்ன கல்?' என்று கேட்டேன். 'ஒரு அரசியல் விஷயம்' என்றார் வழிகாட்டி. பிரமிட் அரசியல் விஷயமில்லை என்று அவர் நினைப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தச் செய்தி டெல்லிக்கு வந்தபோது அங்கே மெக்ஸிகோவின் தூதராக இருந்தவர் ஆக்டேவியோ பாஸ். 1962 முதல் ஆறு வருஷம் இந்தியாவில் இருந்தவர்; கொலையைக் கேட்டதும் பதவியை விட்டு விலகினார். சிறுபத்திரிகை வாசகர்களுக்குப் பாஸ் கவிதைகள் புதிதில்லை, இந்த ராஜினாமாவும் தெரிந்ததே. ஆனால் அதற்குப் பின் அவர் எழுதி 1970இல் வெளியான 'போஸ்ததா' என்ற சிறு நூலை நம்மில் அதிகம் பேர் பேசவில்லை. அதன் கடைசிக் கட்டுரையின் தலைப்பே 'பிரமிட் பற்றிய விமர்சனம்' என்பதுதான். அதில் பாஸ் சொல்வதைச் சுருக்கித் தருகிறேன்: மெக்ஸிகோவின் அதிகாரம் பிரமிட் வடிவம் கொண்டது. அகன்ற அடித்தளம், படிப்படியாகக் குறுகும் தளங்கள், உச்சியில் தட்டையான ஒரு மேடை, அந்த மேடையில் பலி. அஸ்டெக் அரசன், ஸ்பானிய வைஸ்ராய், நவீன ஜனாதிபதி ஆகிய மூவரும் அதே மேடையில் ஒருவர் பின் ஒருவராக ஏறி நிற்கிறார்கள். 1964இல் திறக்கப்பட்ட தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில் எல்லாப் பண்பாடுகளையும் ஓரங்களில் வைத்துவிட்டு நடுவில் அஸ்டெக் கூடத்தை வைத்திருப்பது, இந்த மேடையை வணங்கும் ஏற்பாடு. 1968இல் சதுக்கத்தில் நடந்ததும் அந்த வரிசையில் இன்னொரு பலி.

கூர்மையான வாசிப்பு. வேனில் திரும்பும்போது இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பாஸ் பிரமிடை எதிர்க்கிறார், சரி. எதிர்க்கிறபோதும் அவர் கண் உச்சியை விட்டு இறங்கவில்லை. சுற்றுலா வேன் வணங்கப் போகிற இடத்துக்கு அவர் சபிக்கப் போகிறார். இருவர் திட்டத்திலும் நாள் முழுக்கப் பிரமிடுக்குத்தான். நியூயார்க் இரட்டைக் கோபுரத்தின் 110ஆவது மாடியிலிருந்து நகரைப் பார்ப்பவனுக்கும் கீழே தெருவில் நடப்பவனுக்கும் உள்ள வித்தியாசத்தை மிஷேல் தெ செர்தோ எழுதியிருப்பதை நண்பர்கள் படித்திருக்கலாம். மேலேயிருந்து பார்ப்பவனுக்கு நகரம் வரைபடமாகிவிடுகிறது, மனுஷர்கள் மறைந்துவிடுகிறார்கள். இப்போது தெயோதிவாகானில் விடியற்காலையில் சூடான காற்று பலூனில் ஏற்றிப் பிரமிடுகளுக்கு மேலே பறக்க வைக்கிறார்கள். 2023 ஏப்ரல் 1 அன்று ஒரு பலூன் தீப்பிடித்து இரண்டு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் பலூன்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. நான் போனபோது எண்ணிப் பார்த்தேன், பதினேழு.

இனி அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம். மெக்ஸிகோ நகரத்துக்கு வடகிழக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இது அஸ்டெக்குகள் கட்டியது என்று பல பேர் நினைக்கிறார்கள். அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்நகரம் வீழ்ந்து புல் முளைத்துக் கிடந்தது. 'தேவர்கள் உருவான இடம்' என்ற பொருளில் தெயோதிவாகான் என்று அவர்கள் தங்கள் நஹுவாத் மொழியில் வைத்த பெயர்தான் இன்றைய பெயர். சூரியப் பிரமிட், நிலவுப் பிரமிட், இறந்தோர் வீதி என்கிற பெயர்களும் பின்னால் வந்தவர்கள் வைத்தவையே. கட்டியவர்கள் தங்கள் ஊரை எப்படி அழைத்தார்கள் என்பதற்குச் சான்று கிடையாது. அதன் உச்சகாலத்தில், கி.பி. முதல் ஐந்தாறு நூற்றாண்டுகளில், 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு லட்சம் பேர் அளவில் வாழ்ந்த நகரம் அது. சூரியப் பிரமிடின் உயரம் 65 மீட்டர் வாக்கில்; அடிப்பக்கம் ஒவ்வொன்றும் 220 மீட்டருக்கு மேல்.

ஆனால் தோழரே, நீங்கள் பார்க்கப் போகிற அந்தப் பிரமிட் இருக்கிறதே, அதற்கு வயது நூற்றுச்சொச்சம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1905இல் போர்ஃபீரியோ டியாஸ் என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில், லியோபோல்தோ பத்ரேஸ் என்ற தொல்பொருள் கண்காணிப்பாளர் இதைத் தோண்ட ஆரம்பித்தார். அதுவரை அது மண்ணும் செடியும் மூடிய குன்று. சரிவுகளிலும் சுற்றிலும் ஜனங்கள் பயிர்வைத்திருந்தார்கள். 1910இல் மெக்ஸிகோ சுதந்திரப் போராட்டத்தின் நூற்றாண்டு விழா. உலகத்திலிருந்து வரும் விருந்தினருக்குக் காட்ட எகிப்துக்கு ஈடாக ஒன்று வேண்டும். சிறு விவசாயிகளின் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டது. மண்ணை அள்ளிப் போக ரயில் பாதை போட்டார்கள். அவசரத்தில் பத்ரேஸ் பிரமிடின் வெளிப்புறத்தைப் பல மீட்டர் ஆழத்துக்கு உரித்துவிட்டார். பழைய மேல்தோல் போய்விட்டது. அவர் உள்ளே கண்ட கல்லடுக்கைப் பிடித்து நிறுத்திக் கொடுத்த உருவம்தான் இன்று அஞ்சலட்டையில் இருக்கிற உருவம். விழா நடந்த அதே 1910இல் புரட்சி வெடித்தது. 1911இல் டியாஸ் நாட்டைவிட்டு ஓடினார், பத்ரேஸின் பதவியும் போயிற்று. பிரமிட் நின்றது. எந்த ஆட்சி வந்தாலும் அதற்கு ஒரு பிரமிட் தேவைப்பட்டது.

புரட்சிக்குப் பின் வந்த மனுவெல் காமியோ வித்தியாசமானவர். 1917 தொடங்கித் தோண்டிய அவர் பழங்காலத்தோடு நிற்கவில்லை. பள்ளத்தாக்கில் அன்று வாழ்ந்த ஜனங்களின் நிலம், சம்பாத்தியம், உடம்பு, பாட்டு, வியாதி எல்லாவற்றையும் கணக்கெடுத்து 1922இல் பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். நிலத்தின் பெரும்பகுதி ஒருசில பண்ணையார் கையில் இருந்ததை அதில் பதிவு செய்தார். பிரமிடுக்குப் பக்கத்தில் மனுஷன் பட்டினி கிடக்கிறான் என்று தொல்லியல் நூல் ஒன்று சொன்னது அபூர்வம்தான். அந்த மனுஷனை 'இந்தியன்' என்ற நிலையிலிருந்து மாற்றி 'மெக்ஸிகன்' ஆக்கிவிட வேண்டும் என்பதே அவருடைய தீர்வாகவும் இருந்தது. அதில் எனக்கு உடன்பாடில்லை. தேசம் தன் மூதாதையைக் கல்லில் கும்பிடும், உயிரோடு எதிரே நிற்கிறவனைத் திருத்தப் பார்க்கும். இது மெக்ஸிகோவுக்கு மட்டுமான வியாதியில்லை.

கோயத்லிஞ்சான் கிராமத்தார் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெக்ஸிகோ நகரத்து மானுடவியல் அருங்காட்சியகத்தின் வாசலில், தெருவோரம், மழைத் தெய்வம் என்று சொல்லப்படும் 168 டன் எடையுள்ள ஒரு கல் உருவம் நிற்கிறது. அது டெஸ்கோகோ பக்கத்தில் அந்தக் கிராமத்து ஓடைப் படுகையில் கிடந்தது. 1964இல் எடுத்துப் போக வந்தபோது ஊர்க்காரர்கள் வண்டிகளைச் சேதப்படுத்தித் தடுத்தார்கள். ராணுவத்தைக் கொண்டுவந்துதான் எடுத்துப் போனார்கள். பாஸ் விமர்சித்த அருங்காட்சியகத்துக்கு வாசல் காக்கப் போன தெய்வம் அது. பேருந்து நிலையத்துக்குப் போகும் முன் நேரமிருந்தால் போய்ப் பாருங்கள். உள்ளே போகாமலே பார்க்கலாம், சீட்டு வாங்க வேண்டாம்.

இரண்டாவது தடவை, அதே வாரத்து ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் போனேன். கூட வந்தவர் அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர். எனக்கு ஸ்பானிஷ் சுத்தமாகத் தெரியாது. ஞாயிறு வேண்டாம், கூட்டம் தாங்காது என்று எல்லா வழிகாட்டிப் புத்தகமும் எழுதுகிறது. ஏன் கூட்டம்? ஞாயிற்றுக்கிழமை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கேயே வசிப்பவர்களுக்கும் அனுமதி இலவசம். ஆகவே குழந்தை குட்டிகளோடு, பாட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, சோற்றுமூட்டையோடு வருகிறார்கள். 'ஞாயிறு தவிர்க்கவும்' என்ற வரியை 'மெக்ஸிகோக்காரர்களைத் தவிர்க்கவும்' என்றே நான் வாசிக்கிறேன். நீங்க ஞாயித்துக்கிழமையே போங்க. நமக்கு இலவசமில்லை, காசு கொடுத்துத்தான் நுழையணும், கொடுங்கள்.

மெட்ரோவின் 5ஆம் தடத்தில் வடக்குப் பேருந்து நிலையத்தின் பெயரிலேயே ஒரு நிறுத்தம் இருக்கிறது. இறங்கி எதிரே நிலையத்துக்குள் நுழைந்து இடப்பக்கம் கடைசிவரை நடந்தால் 'பிரமிடுகள்' என்று எழுதிய சீட்டுக் கவுண்டர் வரும். பயணம் ஒரு மணி நேரம். ஜன்னலோரம் உட்காருங்கள், தூங்காதீர்கள். வழியில் இரண்டு பக்கமும் குன்றுகளின் உச்சிவரை பச்சை, நீலம், ரோஸ் என்று சுவரடித்த சின்னச் சின்ன வீடுகள் ஏறியிருக்கும். அது ஏகாதேபெக். 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி 16 லட்சத்துக்கு மேல் ஜனம். மெக்ஸிகோ நகரத்துக்கு விடிகாலையில் வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர்கள். 2016இலிருந்து அந்த வீடுகளுக்கு மேலே கம்பிவட ஊர்தி ஓடுகிறது. சுற்றுலா வேன் வழிகாட்டி இந்த இடத்தில் பிரமிடின் அளவுகளைச் சொல்ல ஆரம்பித்தார் என்பது நினைவுக்கு வந்தது.

நாங்கள் வாசலுக்குப் போகாமல் முதலில் மேற்கே, சுற்றுச்சாலைக்கு அப்பால் நடந்தோம். அங்கே தெதித்லா, அதெதெல்கோ என்று இரண்டு பழைய குடியிருப்புகள் இருக்கின்றன. (சில நாள் காவலர் இல்லாமல் பூட்டிக் கிடக்கும், விசாரித்துக்கொண்டு போகணும்.) நான் சொல்ல வந்ததன் மையமே இதுதான், ஆகவே பொறுமையாகப் படியுங்கள். 1960களில் ரெனே மில்லன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளரும் குழுவினரும் வருஷக்கணக்கில் அந்தப் பள்ளத்தாக்கைக் காலால் நடந்து அளந்து நகரத்தின் முழு வரைபடத்தைப் போட்டார்கள். அதில் தெரியவந்தது: ஏறக்குறைய 2000 கூட்டுக் குடியிருப்புகள். சராசரியாகப் பக்கத்துக்கு 60 மீட்டர் சதுரம், வெளியே உயர்ந்த சுவர், உள்ளே முற்றங்கள், முற்றத்தைச் சுற்றி அறைகள், வடிகால், சுண்ணாம்புப் பூச்சு, பல இடங்களில் சுவரோவியம். ஒவ்வொன்றிலும் 60 முதல் 100 பேர் வரை. நகரத்தில் வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இப்படிப்பட்ட வீடுகளில்தான் இருந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கும் இடமிருந்தது; வஹாகாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் தெரு ஒன்று மேற்கே தனியாகவே அடையாளம் காணப்பட்டிருக்கிறது. மாயா நகரங்களில் அரசனின் பெயரும் முகமும் கல்லுக்குக் கல் பொறித்திருக்க, இங்கே அப்படியொரு அரசனின் கல் கிடைக்கவில்லை.

காலவரிசையைக் கவனிக்க வேண்டும். பெரிய பிரமிடுகள் எழும்பியது கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில். கி.பி. 200 வாக்கில் இறகுப் பாம்புக் கோயிலைக் கட்டும்போதுதான் அந்த இருநூறு பேரைப் பலியிட்டுப் புதைத்தார்கள். பலருக்குக் கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. எலும்பிலும் பல்லிலும் உள்ள ரசாயனச் சுவடுகளை வைத்துப் பார்த்ததில் அவர்களில் நிறையப் பேர் வேற்றூரில் பிறந்தவர்கள். பின்னால் அந்தக் கோயில் சிதைக்கப்பட்டு, அதன் முகப்பை மறைத்து ஒரு மேடை எழுப்பப்பட்டது. அதையொட்டிய காலத்தில் கட்டட உழைப்பு மாபெரும் பிரமிடுகளிலிருந்து விலகிக் கல்வீடுகளுக்குப் போகிறது. டேவிட் கிரேபரும் டேவிட் வெங்ரோவும் 2021இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை எடுத்துக்கொண்டு, ஒரு நகரம் பிரமிட் கட்டுவதை நிறுத்திவிட்டு ஜனங்களுக்கு வீடு கட்ட முடிவெடுத்தது என்று வாதிடுகிறார்கள். எனக்கு இந்த வாசிப்பின் மேல் ஆசை இருக்கிறது. ஆசை இருப்பதாலேயே ஜாக்கிரதையாக இருக்கிறேன். எல்லா வீடும் ஒரே தரமில்லை. சில வீடுகளின் சுவர் ஓவியம் அரண்மனைக்குச் சமம், சில வீடுகளில் அறைகள் குறுகல், பூச்சு மோசம். மேல்கீழ் இருந்தது. ஆனால் ஒரு பிரமிடை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு இந்தக் கேள்வியே எழாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

இந்த நகரம் முடிந்த விதமும் இதனோடு சேர்ந்தது. கி.பி. 550 வாக்கில் பெருந்தீ. தீக்கறைகளைக் கட்டடம் கட்டடமாகக் கணக்கெடுத்த மில்லன் கண்டது: எரிந்தவை பெரும்பாலும் நடுவீதியை ஒட்டிய கோயில்களும் மேல்தட்டாரின் கட்டடங்களும். சிலைகள் உடைக்கப்பட்டுத் துண்டுகள் வீசியெறியப்பட்டிருந்தன. சாதாரணக் குடியிருப்புகளில் அந்த அளவு தீ இல்லை. வெளியிலிருந்து வந்த படை வீடு பார்த்து, ஆள் பார்த்து நெருப்பு வைக்குமா? ஊருக்குள்ளிருந்தே கிளம்பியது என்பது பல தொல்லியலாளர்களின் கருத்து. நடுவீதியில் நடக்கும்போது இருபக்கமும் நிற்கிற மேடைகளைப் பார்த்து இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தெதித்லாவில் அன்றைக்கு எங்களைத் தவிர ஒரே ஒரு குடும்பம். அதெதெல்கோவில் யாருமில்லை. பிறகுதான் சூரியப் பிரமிடின் பின்புறம் கிழக்கே இருக்கும் தெபந்தித்லாவுக்குப் போனோம். இதுவும் ஒரு குடியிருப்பு. ஒரு அறையின் சுவரில் சின்னச் சின்ன மனிதர்கள்: பந்து விளையாடுகிறார்கள், நீந்துகிறார்கள், வண்ணத்துப்பூச்சி பிடிக்கிறார்கள். 1940களில் அல்ஃபோன்ஸோ காஸோ இதை மழைத் தெய்வத்தின் சொர்க்கம் என்றார்; பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். அந்த மனிதர்களின் வாயிலிருந்து சுருள் சுருளாக ஏதோ வெளிப்படுகிறது. பேச்சைக் காட்டும் குறி அது. ஒருவன் கண்ணீர் வழிய நிற்கிறான். அவன் வாயிலிருந்துதான் மற்றவர்களைவிட அதிகச் சுருள்கள். என்ன சொல்லி அழுகிறான் என்று எழுதி வைக்கவில்லை. எழுதுகிறவர்கள் அந்தச் சுவர் முன்னால் அரைமணி நேரமாவது நிற்க வேண்டும். வேன் திட்டத்தில் அந்தச் சுவரே இல்லை.

இப்படிப்பட்ட சுவர்கள் எல்லாம் அங்கேயே இல்லை என்பதையும் சொல்லணும். தெசினந்தித்லா என்ற குடியிருப்பிலிருந்து பெயர்த்துத் திருடப்பட்ட ஓவியத் துண்டுகள் எழுபதுக்குப் பக்கம், ஒரு தனிமனிதரின் உயில் வழியாக 1976இல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகர அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பேச்சுவார்த்தைக்குப் பின் பாதிக்கு மேற்பட்டவை 1986இல் மெக்ஸிகோவுக்குத் திரும்பி வந்தன.

மதியத்துக்குப் பிறகு வேலிக்குள் நுழைந்தோம். சூரியப் பிரமிடுக்கு 248 படிகள். 2020இல் கொள்ளைநோயின்போது ஏறுவதை நிறுத்தினார்கள். நாங்கள் போனபோதும் கயிறு கட்டியிருந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதோடு சரி. தோழர் இதைக் கேட்டதும் முகம் வாடினார். 'ஏற முடியாதுன்னா எதுக்குங்க அவ்வளவு தூரம் போறது?' எனக்கு அது நல்லதாகவே பட்டது. இருபதாம் நூற்றாண்டு முழுக்க லட்சக்கணக்கான பேர் பாஸ் சொன்ன அந்த மேடையில் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கயிறு கட்டிய பிறகு எல்லோரும் அடித்தளத்து ஜனமாகிவிட்டோம்.

ஆனால் அங்கே தொப்பியும் கல் பொம்மையும் விற்கிற அம்மாளிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். ஆசிரியை மொழிபெயர்த்தார்: 'மேல ஏறினவங்க இறங்கி வந்தா களைப்புல உக்காருவாங்க. தண்ணி வாங்குவாங்க, தொப்பி வாங்குவாங்க. இப்ப ஒரு மணி நேரத்துல பாத்துட்டு வண்டி ஏறிடறாங்க. உங்களுக்குத் தத்துவம், எங்களுக்கு நஷ்டம்.' என் கோட்பாடு அந்த இடத்தில் கொஞ்சம் ஆடிப்போனது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அவரிடமே வால்மார்ட் பற்றியும் கேட்டோம். இது எல்லோருக்கும் தெரிந்த கதை, ஆகவே சுருக்கமாக. வால்மார்ட்டுக்குச் சொந்தமான 'பொதேகா அவுரெரா' என்ற பெருங்கடை, பிரமிடுகளிலிருந்து இரண்டு கிலோமீட்டர் சொச்ச தூரத்தில், 2004 நவம்பரில் திறக்கப்பட்டது. சந்தை வியாபாரிகளும் ஆசிரியர்களும் கலைஞர்களும் எதிர்த்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். தோண்டும்போது பழைய பலிபீடம் ஒன்றுகூட வந்தது. கடை நிற்கவில்லை. 2012 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளேடு ஒரு நீண்ட புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. அந்த வயலில் கடை கட்டக்கூடாது என்றிருந்த நகரமைப்பு வரைபடத்தை மாற்ற 52,000 டாலர் லஞ்சம் தரப்பட்டது என்பது அதன் சாரம். எழுதிய இருவருக்கும் 2013இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. மெக்ஸிகோ, இந்தியா, பிரேசில், சீனா ஆகிய நாடுகளில் லஞ்சத் தடுப்புக் கட்டுப்பாடுகள் இல்லாமல் நடந்துகொண்டதற்காக அமெரிக்க அரசோடு 2019இல் 28 கோடி டாலருக்கு மேல் கட்டி அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. கடை இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு நகரத்தின் விதியை மாற்றியது படையோ நெருப்போ இல்லை, வரைபடத்தில் ஒரு கோடு. மில்லன் வருஷக்கணக்கில் நடந்து போட்ட வரைபடம் ஒன்று, ஒரே இரவில் மாறிய வரைபடம் இன்னொன்று. 2021 மே மாதம் பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள்ளேயே தனியார் யாரோ இயந்திரம் வைத்து நிலத்தை உழுதுகொண்டிருந்ததைத் தடுக்கத் தேசியக் காவல்படையையே இறக்க வேண்டிவந்தது.

அந்த அம்மாள் பதில் சொல்ல யோசித்தார். 'அங்கதான் சோப்பு, எண்ணெய் எல்லாம் வாங்கறேன். விலை கம்மி. எங்க அக்கா சந்தையில கடை வெச்சிருந்தா, இப்ப இல்ல.' அவ்வளவுதான் சொன்னார். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் 'ஆனால்' என்றோ 'அதனால்' என்றோ அவர் போடவில்லை. நானும் போடாமல் விடுகிறேன். பிரமிடைக் காப்பாற்றப் போராடியவர்களில் பலருக்கு அங்கே சோப்பு வாங்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது என்பதையும், கடை வரட்டும் என்றவர்களை நுகர்வோர் மயக்கத்தில் இருந்தவர்கள் என்று மட்டும் எழுதிவிட முடியாது என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. இன்றைய ஊர்கள் பல அந்தப் பழைய நகரத்தின் மேலேயேதான் உட்கார்ந்திருக்கின்றன. வேலி போட்ட பகுதி அதன் ஒரு துண்டு மட்டுமே. வீட்டுக்கு ஒரு அறை கூட்ட அஸ்திவாரம் தோண்டினால் ஆயிரத்தைந்நூறு வருஷத்துச் சுவர் வரும். வந்தால் அனுமதிக்கு அலையணும். பத்ரேஸ் காலத்தில் நிலத்தை எடுத்தார்கள், இப்போது நிலம் அவர்களிடம் இருக்கிறது, தோண்டும் உரிமை இல்லை.

சரி, தோழருக்கான காகிதம். ஞாயிறு காலை 7 மணிக்கு பஸ். கடல்மட்டத்துக்கு மேலே 2300 மீட்டர். வெயில் குளிராக இருப்பது போலிருக்கும், தோலை உரித்துவிடும். தொப்பி வேண்டாம், அங்கே போய் அந்த அம்மாளிடம் வாங்குங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள். கெட்டியான செருப்பு. முதல் இரண்டு மணி நேரம் மேற்கே வீடுகள். பிறகு கிழக்கே தெபந்தித்லா, அழுகிறவனுக்கு அரைமணி. மதியம் ஊர்ச் சந்தைப் பக்கம் சாப்பிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி நன்றாக இருக்கும். மூன்று மணிக்கு மேல் வேலிக்குள். வடக்கு நோக்கி நடந்தால் வீதி ஏறுமுகம், நிலவுப் பிரமிடில் முடியும். நூறு வருஷத்துக்கு முன் கட்டிய கல்லைப் பார்க்கிறோம் என்ற நினைப்போடு சூரியப் பிரமிடைச் சுற்றி ஒரு முழுச் சுற்று நடந்து பாருங்கள், பின்பக்கம் யாரும் வருவதில்லை. திலதெலோல்கோவை இந்த நாளில் சேர்க்க வேண்டாம். அதற்கு ஒரு மாலை தனியாக ஒதுக்குங்கள், மெட்ரோவிலேயே போகலாம், நினைவுக் கல்லில் உள்ள பெயர்களைப் படிக்க அவகாசம் வேண்டும்.

திரும்புகிற பஸ்ஸில் எங்களுக்கு உட்கார இடமில்லை. பையை மூட்டை கட்டிக்கொண்டு வியாபாரிகளும் அதில்தான் ஏறினார்கள். ஏகாதேபெக்கில் பாதி பஸ் காலியானது. ஆசிரியை ஒரு இடம் பிடித்து என்னைக் கூப்பிட்டார்.